ஆற்றுக்கு ஓர் ஆணி

எங்கள் சதுப்பு நிலத்து ஊரான பொக்கோசனில் வெர்லி இன்ஸ்லியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவளுக்கு வாய் நீளம் என்பார்கள். தேவாலய விருந்தில் அவள் பொரிக்கும் நண்டு அடைக்கு அடிதடி நடக்காத குறை என்பார்கள். சதுப்புக்காரிக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்று பக்கத்து நகரத்து ஹாம்ப்டன்காரர்கள் சொல்வார்கள், அவர்கள் கிடக்கட்டும். அந்த நீள வாய்க்காரி மூச்சுக் காட்டாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. போரும் முடிந்து, ரகசியம் என்று பொத்திவைத்ததெல்லாம் வெளியே வந்தாயிற்று. இனி சொன்னால் யாருக்கும் குடி முழுகிவிடாது.

அவளுடைய அப்பா எமரி ஃபிர்த். சொந்தப் படகு வைத்திருப்பவரை எங்கள் பக்கத்தில் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். எமரியோ பாதி ஊருக்குப் படகு கட்டிக் கொடுத்தவர். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. படகின் அடிப்பலகையில் கடைசி ஆணியையும் அடித்து முடித்த பிறகு, தேவையே இல்லாமல் இன்னோர் ஆணி அடிப்பார்கள். "ஆத்துக்கு ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே அடிப்பார்கள். ஆறு எப்படியும் எதையாவது கேட்கும், கேட்பதற்கு முன்னால் நாமே ஓர் ஆணியைக் கொடுத்துவிட்டால் ஆளை விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. இதைக் கேட்டுச் சிரித்த போதகர்கூடத் தன் படகை அங்கேதான் கட்டிக்கொண்டார். வெர்லிக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்த நாள் முதல் அந்தக் கடைசி ஆணி அவளுக்குத்தான்.

அவள் கட்டிக்கொண்டவன் கார்லைல் இன்ஸ்லி, சிப்பி அள்ளுகிறவன். ஒல்லியான ஆள், ஓயாமல் பாட்டுப் பாடுவான், அத்தனையும் சுருதி பிசகிய பாட்டு. போர் வந்ததும் அவனைப் படையில் எடுத்தார்கள். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவனைக் கப்பலில் போடுவார்கள் என்று பார்த்தால், தூக்கிக்கொண்டுபோய் ஆகாயத்தில் போட்டார்கள்! லிபரேட்டர் என்ற அந்தக் கனத்த குண்டுவீச்சு விமானத்தில், வயிற்றுப் பக்கத்து ஜன்னலில் துப்பாக்கி பிடித்து நிற்கிற வேலை. இங்கிலாந்திலிருந்து கடலைத் தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டு, அதே கடலைத் தாண்டித் திரும்ப வேண்டும். அடிபட்ட விமானம் கரை வந்து சேராவிட்டால் கடலில்தான் இறங்க வேண்டும்.

அவன் போன பிறகு வெர்லி வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. எங்கள் சதுப்புக்கு அந்தப் பக்கம் விமான ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. ஆண்களெல்லாம் போருக்குப் போய்விட்டதால், மரவேலை தெரிந்த பெண்களை அங்கே மாதிரிப் பட்டறையில் எடுத்துக்கொண்டார்கள். பால்சா என்ற லேசான மரத்தை இழைத்து, சின்னச் சின்ன விமானங்கள் செய்வது வேலை. வெளியே ஒரு சொல் பேசக் கூடாது.

"அரசாங்கம் உனக்கு எதுக்குடி கூலி குடுக்குது?" என்று கேட்டார் கேப்டன் எமரி.

"பொம்மை செய்யறேன்ப்பா."

"சண்டை நடக்கிற சமயத்துல பொம்மையா? ஜெயிச்ச மாதிரிதான்!"

அவள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அந்தப் பொம்மைகள் எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஒரு தெரு நீளத்துக்குக் கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி. மேலே தண்டவாளம். அதில் மாதிரி விமானத்தை வேகமாக ஓடவிட்டு, உயரத்திலிருந்து விடுவிப்பார்கள். அது தானாகப் பறந்து வந்து தண்ணீரில் இறங்கும். இறங்கும்போது என்ன ஆகிறது என்று படம் பிடிப்பார்கள். அவசரமாகக் கடலில் இறங்குகிற லிபரேட்டர்கள் உடைந்துபோகின்றன, பத்து பேர் போனால் பாதிப் பேர்கூடத் திரும்புவதில்லை என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது, உள்ளே இருப்பவன் எங்கே உட்கார்ந்தால் பிழைப்பான் என்பதைத்தான் அந்தத் தொட்டியில் தேடினார்கள்.

அந்தப் பிரிவுக்குத் தலைவர் ஹோபார்ட் ட்ரெஸ்லர். பொறியாளர், வடக்கே எங்கிருந்தோ வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் சிப்பியைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். முதல் நாளே அவர் வெர்லியிடம் விளக்கிச் சொல்லிவிட்டார்.

"மிஸஸ் இன்ஸ்லி, இந்த விமானத்தோட அடி வயித்துல குண்டு போடறதுக்குப் பெரிய கதவு இருக்கு. கடைக் கதவு மாதிரி சுருண்டு மேல ஏறும். மெல்லிசு. நிஜக் கதவு எவ்வளவு அழுத்தத்துல கிழியுமோ, அந்தக் கணக்குக்கு நம்ம கதவும் கிழியணும். பலமா செஞ்சிடாதீங்க. பலவீனமும் கூடாது. அது எவ்வளவோ அவ்வளவு."

"புரியுதுங்க."

"படகு கட்டறவர் பொண்ணுன்னு சொன்னாங்க. அதான் ரெண்டு தடவை சொல்றேன்."

அவள் கதவுகளை மெல்லிய தாளும் மரச்சீவலும் வைத்துச் செய்தாள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கதவை எடுத்து மேலே மணலைக் கொட்டிச் சோதிப்பார்கள். சரியான எடைக்குச் சரியாகக் கிழிந்தது. அவள் கை அப்படி. பக்கத்து மேஜையில் இறக்கை இழைக்கும் நெட்டி கார்மைன்ஸ், "உன் கைய வெட்டி எனக்கு ஒட்டிக்கலாம்டி" என்பாள்.

அப்புறம் அந்தக் கதவைப் பொருத்துகிற நாள் வந்தது. மாதிரியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துக் கதவை ஒட்டினாள். ஒட்டி முடித்து நிமிர்த்தியபோது, ஜன்னல் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தாள். கதவை ஒட்டிப் பின்னால், ஒரு விரல் மட்டுமே நுழைகிற சின்ன இடம். அங்கேதான் கார்லைல் நிற்பான். அவ்வளவுதான், கை தானாகப் போய் ஒரு பட்டுத் துணி நறுக்கை எடுத்தது, பசை தடவியது, ஓட்டை வழியாகக் கதவின் உள்ஓரத்தில் ஒட்டி விரலால் அழுத்தியது. "ஆத்துக்கு ஒண்ணு" என்று வாய் முணுமுணுத்தது. அவள் அதைத் திருட்டுத்தனம் என்றே நினைக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற ஜெபம் மாதிரி ஒரு காரியம், அவ்வளவுதான்.

தொட்டிச் சோதனைக்கு வெர்லியையும் நெட்டியையும் கூப்பிட்டு ஓரத்தில் நிற்கவைத்தார்கள். விளக்குகள் எரிந்தன. மாதிரி விர்ரென்று ஓடிவந்து, விடுபட்டு, ஒரு கடற்பறவை இறங்குகிற மாதிரி தண்ணீரைத் தொட்டது. தொட்டு, வழுக்கி, இரண்டு பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு, மெதுவாக நின்றது. மிதந்தது. எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

அப்புறம் கைதட்டல். நெட்டி வெர்லியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். வெர்லிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மறுபடியும் விட்டார்கள், மறுபடியும் மிதந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கார்லைலின் சுருதி பிசகிய பாட்டைப் பாடிக்கொண்டு வந்தாள். கடல் அவனைத் தாங்கிக்கொள்ளும். தன் கண்ணாலேயே பார்த்தாயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் ட்ரெஸ்லர் பட்டறைக்கே வந்தார். தூங்காத முகம், ஆனால் பூரித்துப்போயிருந்தது.

"நல்ல சேதி சொல்லப்போறோம், மிஸஸ் இன்ஸ்லி. கதவு தாங்குது. கடல்ல இறங்கறப்போ பின்னாடி நிக்கிறவங்க அவங்க இடத்துலயே இருக்கலாம்னு எழுதிடறேன். அடிச்சுப்பிடிச்சு முன்னாடி ஓடி வர வேண்டியதில்ல."

பின்னால் நிற்கிறவர்கள். அவர்களுடைய இடத்திலேயே. கார்லைலின் இடத்திலேயே. நேற்று மிதந்தது விமானமல்ல, தான் ஒட்டிய பட்டு நறுக்கு என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிஜ விமானத்துக்கு யார் பட்டு ஒட்டினார்கள்? ஒருவரும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால், கார்லைல் மிதக்கிறான் என்ற நிம்மதி அவளுக்கு மிஞ்சும். அவனோ கிழிகிற கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். சொன்னால் வேலை போகும், மானமும் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நேற்று ஒரு நாள் கிடைத்த அந்தச் சோறு, அந்தப் பாட்டு, அதுவுமல்லவா போய்விடும்! பாவம், அதை விடத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

ட்ரெஸ்லர் கதவுவரை போய்விட்டார். "நில்லுங்க!" என்று வெர்லி கத்தினாள். அந்தப் பட்டறையில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர் திரும்பி வந்தார். அவள் மாதிரியைக் கவிழ்த்து, அவருடைய விரலைப் பிடித்து, ஜன்னல் ஓட்டை வழியாகக் கதவின் உள்ஓரத்தில் வைத்தாள். அவர் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பெல்லாம் வடிந்துவிட்டது.

"இது என்ன?"

"பட்டு. நான்தான் ஒட்டினேன்."

"எதுக்கு?"

"ஆத்துக்கு" என்றாள். வேறு என்ன சொல்வது? பழக்கத்தை எடுத்துச் சொன்னாள். சொல்லும்போது அது எவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது என்று அவளுக்கே காதில் விழுந்தது.

அவர் கத்துவார் என்று நெட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் விமானத்துல எங்க நிப்பார்?"

"நீங்க இப்ப விரல் வச்சிருக்கீங்களே, அதுக்குப் பின்னால."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். அப்புறம், "புதுக் கதவு செய்யுங்க" என்றார்.

"நானா? என்னைய வேலைய விட்டு அனுப்பலையா?"

"அனுப்பிட்டு யார வச்சுச் செய்யறது? உங்க கை சுத்தம். பட்டு இல்லாம செய்யுங்க. ஆனா ஒண்ணு, சோதனையப்போ நீங்க கிட்ட நிக்கணும்."

அந்தக் கதவை அவள் எப்படிச் செய்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தன் புருஷன் காலடியில், கிழிய வேண்டிய அளவுக்குக் கிழிகிற மாதிரி ஒரு தளத்தைச் செய்வதென்றால் சும்மாவா? நெட்டி தான் செய்து தருவதாகச் சொன்னாள். வெர்லி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தாள்.

இந்தத் தடவை மாதிரி தண்ணீரைத் தொட்டதும் சத்தமே வேறாக இருந்தது. கதவு ஒரே கிழியாகக் கிழிந்தது. தண்ணீர் ஒரு குத்தாக உள்ளே நுழைந்து, பின்னால் போய், கூரைவரை அடித்தது. மூக்கு உள்ளே அமுங்கியது. இறக்கைக்குப் பின்னால் முதுகு முறிந்து, வால் தனியாக ஆடியது. எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மூக்குக்கு மேலே விமானிகள் உட்காரும் இடமும் அதற்குப் பின்னே இருக்கும் சின்ன அறையும் மட்டும் முழுசாக இருந்தன. வெர்லி வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டியிட்டுச் சிப்பி அள்ளிய தண்ணீர், குளித்த தண்ணீர், ஞானஸ்நானம் வாங்கிய தண்ணீர். அதற்கு இப்படி ஒரு கை உண்டென்று அவளுக்குத் தெரியாமல் போயிற்றே!

"முன்னாடி அறைக்கு வரணும்" என்றார் ட்ரெஸ்லர் மெதுவாக. "எல்லாரும். சுவத்துல முதுகச் சாச்சு உக்காரணும்."

ஆனால் மேலதிகாரிகள் லேசில் நம்புவார்களா? குளிக்கிற தொட்டியில் பொம்மையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போர்முனைக்கு உத்தரவு போடச் சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். கேட்டதிலும் தப்பில்லை. அதனால் நிஜமான லிபரேட்டர் ஒன்றையே தண்ணீரில் இறக்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அடேயப்பா! நல்ல நிலையில் இருக்கும் விமானத்தை, வேண்டுமென்றே, எங்கள் பக்கத்து ஜேம்ஸ் ஆற்றில். உள்ளே இரண்டு விமானிகள், தாங்களாகவே வருகிறோம் என்று சொன்னவர்கள்.

செப்டம்பரில் நாள் குறித்தார்கள். மற்றப் படகுகள் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள எங்கள் ஆட்களின் படகுகளையும் கூப்பிட்டிருந்தார்கள். கேப்டன் எமரியின் படகும் போயிற்று. "நீங்களும் அதுல போங்க. பாக்க வேண்டியவங்க நீங்க" என்று ட்ரெஸ்லர் வெர்லியிடம் சொல்லியிருந்தார்.

ஆறு அன்று தகடு மாதிரி கிடந்தது. அப்பாவும் மகளும் உப்புப் பன்றிக்கறி வைத்த ரொட்டியை மென்றுகொண்டு காத்திருந்தார்கள்.

"எதுக்குடி நல்ல விமானத்த ஆத்துல போடறானுங்க? பித்துப் பிடிச்சிருச்சா?"

"பாருங்கப்பா."

முதலில் சத்தம் வந்தது. அப்புறம் மரங்களுக்கு மேலே அது வந்தது. நாலு எஞ்சின், ஒரு தேவாலயத்தின் அகலம். தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்தில் நிழலை உரசிக்கொண்டு வந்தது. கேப்டன் எமரி தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார். வால் தொட்டது. அடுத்த கணம் விமானமே தெரியவில்லை. வெள்ளைச் சுவர் ஒன்று ஆற்றிலிருந்து எழும்பி நின்றது. இடி மாதிரி ஒரு சத்தம் படகின் பலகை வழியாகக் காலில் ஏறியது. சுவர் சரிந்து விழுந்து, தண்ணீர் மழையாகக் கொட்டி ஓய்ந்தபோது எஞ்சின் சத்தம் நின்றுபோயிருந்தது. ஆற்றில் அப்படி ஒரு அமைதியை அவர்கள் கேட்டதே இல்லை.

விமானம் மூக்கைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கிடந்தது. இறக்கைக்குப் பின்னால் முதுகு முறிந்திருந்தது. அதே இடம். தொட்டியில் எங்கே முறிந்ததோ, அணு பிசகாமல் அதே இடம். வெர்லிக்கு மயிர்க்கூச்செறிந்தது. மடியில் வைத்து இழைத்த பால்சா மரம் இந்த மலைக்கு முன்கூட்டியே வழி சொல்லிவிட்டதே! அவள் பயந்தாள், அழுதாள், கூடவே ஒரு பெரிய சந்தோஷமும் வந்தது. எது முந்தி என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"ஆளுங்க?" என்று அப்பா கத்தினார். "உள்ள ஆளுங்க இருக்காங்களாடி?"

முன்பக்கக் கூரை திறந்தது. ஒரு தலை வந்தது. இன்னொரு தலை வந்தது. இரண்டு பேரும் மேலே ஏறி நின்று கையை ஆட்டினார்கள். படகுகளில் இருந்த அத்தனை பேரும் கூச்சல் போட்டார்கள். கேப்டன் எமரி தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பி கழற்றுவது தேவாலயத்திலும் சவ அடக்கத்திலும் மட்டும்தான்.

"என் ஆயுசு பூரா இந்தத் தண்ணியில கிடந்திருக்கேன். இதுக்கு இவ்வளவு பலம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். அப்புறம் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பொம்மையைப் பற்றிக் கேலி பேசுவதையே விட்டுவிட்டார்.

உத்தரவு கடல் தாண்டிப் போயிற்று. எப்போது போய்ச் சேரும், கார்லைல் இருக்கும் இடத்துக்கு வருமா, வந்தாலும் அந்தப் பயல்கள் கேட்பார்களா, ஒன்றும் தெரியாது. அவனுக்கு எழுதவும் முடியாது. போகிற கடிதத்தையெல்லாம் பிரித்துப் படிக்கிற காலம். குளிர்காலத்தில் தந்தி வந்தது. வட கடலில் விமானம் இறங்கிவிட்டது, கார்லைல் இன்ஸ்லியைக் காணவில்லை.

ஊர் முழுக்க அவள் வீட்டுக்கு வந்தது. சூப்பும் அப்பமும் மேஜையில் குவிந்தன. வந்தவர்கள் அழுதார்கள், அவள் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்றுகூட ஒருத்தி சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்! வெர்லியின் தலைக்குள் ஒரே ஒரு கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கே உட்கார்ந்திருந்தான்? பின்னாலா, முன்னாலா?

இரண்டாவது தந்தி வந்தபோது அதைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. நெட்டிதான் பிரித்தாள், படித்தாள், அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு ஓவென்று அழுதாள். உயிரோடு இருக்கிறான். ஆங்கிலேய மருத்துவமனையில்.

மறு கோடையில் கார்லைல் வந்து சேர்ந்தான். இன்னும் ஒல்லியாகிவிட்டான். பாட்டு நின்றிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் நாற்காலியை இழுத்துப்போட்டு முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். வெர்லி ஒன்றும் கேட்காமல் மேஜையைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

பல வாரம் கழித்து, நண்டு உடைத்துத் தின்றுகொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான். கேப்டன் எமரியும் எதிரே இருந்தார்.

"அப்பத்தான் புதுசா ஒரு உத்தரவு வந்திருந்துச்சு. தண்ணியில இறங்கினா பின்னாடி இருக்கிறவனெல்லாம் முன்னாடி அறைக்கு ஓடணுமாம். எவனோ மேஜையில உக்காந்து எழுதின வேலைன்னு நாங்க திட்டாத திட்டு இல்ல. ஆறு பேர் ஒருத்தன் மடியில ஒருத்தன். எதிர் ஜன்னல்ல நிக்கிற ஓடிஸ் மட்டும் வரல. இந்த நெரிசலுக்கு நான் இங்கயே செத்துக்கறேன்டான்னு சிரிச்சான்." அவன் கையில் இருந்த நண்டை வைத்துவிட்டான். "கதவு தாள் மாதிரி கிழிஞ்சுது, வெர்லி. பின்பக்கமே இல்ல. அவன் நின்ன எடமே இல்ல. அந்தக் கதவச் செஞ்சவன் ஒரு ஆணி கூட அடிச்சிருக்கக் கூடாதா? உங்கப்பா அடிப்பாரே, ஆத்துக்கு ஒண்ணுன்னு!"

வெர்லி எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். தந்திக்கு அழாதவள் அன்றுதான் அழுதாள். கார்லைலுக்காகவும் அழுதாள், முகம் தெரியாத ஓடிஸுக்காகவும் அழுதாள். கேப்டன் எமரி நண்டு ஓட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் அவர் மருமகனுக்குப் புதுப் படகு கட்டி முடித்தார். கடைசி ஆணியும் அடித்தாயிற்று. வழக்கம்போல மகளிடம் சுத்தியலை நீட்டினார். அவள் "ஆத்துக்கு ஒண்ணு" என்று அடித்தாள். சுத்தியலைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னோர் ஆணியை எடுத்துப் பக்கத்திலேயே அடித்தாள்.

"ஒண்ணுதானே அடிப்போம்?" என்றான் கார்லைல். "ரெண்டாவது எதுக்கு?"

"அது பாக்கி" என்றாள் வெர்லி. "ஒரு எடத்துல அடிச்சத நானே பிடுங்கிட்டேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று நண்டு மேஜையில் அவள் அழுததைப் பார்த்த அப்பாவுக்கு விளங்கியது. ஜேம்ஸ் ஆற்றில் செய்த மாதிரி அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்புறம் மூன்று பேருமாகப் படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள்.